பாராட்டுரை பாராட்டப்படுபவருக்குப் புரிய வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பெண் தலைமைத்துவத்தைக் கௌரவிப்பதற்கும் ஆசியப் பாரம்பரியத்தைக் கொண்டாடுவதற்குமென கொழும்பிலுள்ள ஹோட்டல் ஒன்றில் அண்மையில் ஒழுங்கு செய்யப்பட்டிருந்த இராப்போசன விருந்தொன்றில் நானும் கலந்துகொண்டேன். பெருந்தோட்டப் பகுதி மாணவிகளின் உயர்கல்விக்கு நிதி திரட்டுவது அதன் நோக்கம். அந்த நோக்கம் நிறைவேறும் அளவுக்குப் பணமும் சேர்ந்தது என்று அறிந்து மகிழ்ந்தேன். அதற்காக உழைத்தவர்களுக்கு என் நன்றி. எனினும், அன்று மேடையில் நடந்த ஒன்று இன்றுவரை என் மனதை உறுத்திக்கொண்டிருப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கௌரவம் பெற்றவர்களுள் ஒருவர் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த, அறுபது வயதைக் கடந்த பெண்மணி. 2022ஆம் ஆண்டில் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் நகரமே வரிசையில் நின்ற மாதங்களில், தம் வீட்டுக்குப் பின்னால் மூன்று கல் வைத்து விறகு மூட்டி, தெருவிலுள்ள பிள்ளைகளுக்கு மதியச் சோறு கொடுக்கத் தொடங்கியவர் அவர். முதலில் சோறும் பருப்பும் மட்டுந்தான். பிறகு அயலிலுள்ள பெண்கள் ஆளுக்கொரு பிடி அரிசியும் ஒரு தேங்காயும் கொண்டுவர, பெரிய கிடாரம் ஒன்று இரவலாக வந்தது. யார் எந்த நாளில் சமைப்பது, எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, எந்த வீட்டார் கேட்கக் கூச்சப்படுவார்கள் என்பதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்து, ஏறத்தாழ ஓராண்டு அதை நடத்தினார். தலைமைத்துவம் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியாது. அவரைத் தெரிவு செய்தவர்களின் கண் சரியாகவே பார்த்திருக்கிறது.

விருது கிடைக்கப் போகிறது என்று அறிந்ததும், அவர் தமது உரையை நான்கு பக்கங்களில் தமிழில் எழுதி என்னிடம் கொண்டுவந்து எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னார். நான் முப்பதாண்டுகள் தமிழ் கற்பித்தவள். அந்த நான்கு பக்கங்களில் திருத்துவதற்கு அதிகம் இருக்கவில்லை. அன்றிரவு மேடையில் அவரைப் பற்றிய பாராட்டுரை முழுவதும் ஆங்கிலத்தில் வாசிக்கப்பட்டது. அது நல்ல உரைதான், சபையும் எழுந்து நின்று கைதட்டியது. நடுவில் நின்ற அவரோ, எந்த இடத்தில் சிரிப்பது, எந்த இடத்தில் தலைகுனிவது என்று அறியாமல், வாசித்தவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் கொடுக்கப்பட்ட கண்ணாடி விருதில் பொறித்திருந்ததும் ஆங்கிலமே. நேரம் போதவில்லை என்று கூறி, அவரது உரைக்கு இடமளிக்கப்படவில்லை. மேசைக்குத் திரும்பி வந்து என் பக்கத்தில் அமர்ந்தவர், மடித்த தாள்களைக் கைப்பையில் வைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "டீச்சர், என்னைப் பத்தி நல்லதாத்தானே சொன்னாங்க?"

ஒருவரைப் பாராட்டிவிட்டு, என்ன சொல்லிப் பாராட்டினோம் என்பதை அவர் அடுத்தவரிடம் கேட்டு அறியும் நிலையில் விடலாமா?

ஆசியப் பாரம்பரியம் என்ற பெயரில் நடந்த விழாவில் இது நேர்ந்தது என்பதே எனக்குக் கூடுதலாக வலிக்கிறது. கொழும்பு தேசிய நூதனசாலையில் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சீனத் தளபதி செங் ஹே 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டுப் பொறிப்பித்துக் கப்பலில் கொண்டுவந்த அந்தக் கல், 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் உள்ளன. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தென்னாவர நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்குமாகக் காணிக்கைகள் அறிவிக்கப்பட்டுள்ளன. இந்தத் தீவில் தன் சொல்லைக் கேட்க வேண்டியவர்கள் யார், அவர்கள் எந்த மொழியை வாசிப்பார்கள் என்று அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே தூரதேசத்துப் பேரரசு ஒன்று யோசித்திருக்கிறது. நம் நகரத்து விருந்தொன்றின் நிகழ்ச்சி நிரலில் தமிழிலோ சிங்களத்திலோ ஒரு வரியும் இருக்கவில்லை. பட்டுச் சேலைகளும் பறையும் கண்டிய நடனமும் கொழுந்துக் கூடை சுமந்த நடனமும் இருந்தன. கூடையைத் தலையில் மாட்டி மலையேறும் பெண்களின் மகள்மாருக்காகவே அன்று பணம் சேர்க்கப்பட்டது. அப்பெண்களின் மொழி மட்டும் மேடையேறவில்லை.

இடையே, இலங்கைப் பெண்களின் முன்னேற்றம் பற்றிய ஒளிப்படக் காட்சியொன்றும் காட்டப்பட்டது. 1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதலாவது பெண் பிரதமரானதிலிருந்து அது தொடங்கியது. அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. ஆனால் 1931இல், பிரித்தானியர் ஆட்சிக்கால டொனமூர் அரசியலமைப்பின் கீழ் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒருசேர வாக்குரிமை கிடைத்ததையும், அடுத்த ஆண்டே கொழும்பு வடக்குத் தொகுதியிலிருந்து நேசம் சரவணமுத்து அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குத் தெரிவானதையும் ஏன் விட்டார்கள்? தோட்டத் தொழிலாளரிடையே கணவர் கோ. நடேசய்யருடன் இயங்கி, தொழிலாளர் படும் பாட்டைத் தாமே பாட்டாகக் கட்டிக் கூட்டங்களில் பாடிய மீனாட்சி அம்மாளை ஏன் விட்டார்கள்? மீனாட்சி அம்மாளின் தலைமை அவருடைய தமிழிலேயே இருந்தது. எழுத்தறியாத தொழிலாளியும் கேட்டுத் திருப்பிப் பாடக்கூடிய தமிழ் அது. அந்தப் பாட்டை விலக்கிவிட்டு அவரைப் பற்றிப் பேச முடியாது.

தூதரகங்களைச் சேர்ந்தோரும் வெளிநாட்டு நன்கொடையாளரும் வந்திருந்தார்கள், ஆகவே ஆங்கிலம் தவிர்க்க முடியாதது என்று அமைப்பாளர்களுள் ஒருவர் எனக்கு விளக்கினார். ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கௌரவிக்கப்படும் பெண்ணின் மொழியில் பாராட்டுரையை முதலில் வாசித்து, அதன் ஆங்கில வடிவத்தை அச்சிட்டு மேசைகளில் வைத்திருக்கலாம். விருதில் அவர் வாசிக்கக்கூடிய எழுத்தில் இரண்டு வரி பொறித்திருக்கலாம். அவர் தம் மொழியில் ஐந்து நிமிடம் பேச, பக்கத்தில் நின்று ஒருவர் மொழிபெயர்த்திருக்கலாம். அந்த மண்டபத்து மலர் அலங்காரத்துக்கு ஆன செலவில் ஒரு சிறு பங்கும் இதற்கு ஆகாது. அரச அலுவல்களில் தமிழைப் பயன்படுத்தும் உரிமைக்குச் சட்டம் இருக்கிறது. தனியார் விருந்தை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்பதை அறிவேன். அதனாலேயே இதை ஒரு வேண்டுகோளாக முன்வைக்கிறேன். சிங்களத்தை மட்டுமே அறிந்த சகோதரி ஒருவர் அதே மேடையில் அதே தவிப்புடன் நின்றதையும் நான் பார்த்தேன். அவருக்காகவும் இதைக் கேட்கிறேன்.

தங்கள் பத்திரிகையிடமும் ஒன்று கேட்க வேண்டும். இத்தகைய விழாக்கள் பற்றிய செய்திகளில் பிரதம அதிதி குத்துவிளக்கேற்றும் படமும் அனுசரணையாளர்களின் பெயர்களும் தவறாமல் வருகின்றன. கௌரவம் பெற்ற பெண் என்ன செய்தார் என்பது அரை வரியுடன் முடிந்துவிடுகிறது. அவரது அனுமதியுடன், அன்று வாசிக்கப்படாமற்போன அந்த நான்கு பக்கங்களின் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன். எண்ணெய் இல்லாத நாட்களில் தேங்காய்ப் பூவைக் கொண்டு எப்படிச் சமாளித்தார்கள் என்பதை இரண்டாம் பக்கத்தில் விவரமாக எழுதியிருக்கிறார். ஞாயிறு இதழின் மகளிர் பக்கத்தில் இடம் கிடைக்குமானால், ஒரு சொல்லும் வெட்டாமல் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.