2.30 ஷோவ 2.30க்கே போடுங்க: டவுன் தியேட்டர் முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

முதலாளிமாருக்கு வணக்கங்க.

நேத்து டவுனுக்கு வந்தப்ப அடுத்த பெரிய படத்துக்கு போஸ்டர் ஒட்டிக்கிட்டு இருந்தாங்க. மேல பெருசா "ரெக்கோர்ட் நிச்சயம்", கீழ பொடி எழுத்துல "மொதல் மூணு நாளுக்கு விசேட கட்டணம்". அத பாத்துட்டு திரும்பி வாற பஸ்லயே போன்ல தட்டுனதுதான் இது, பிழை கிழை இருந்தா பொறுத்துக்கங்க. போன தடவ என்ன நடந்துச்சின்னு ஒங்களுக்கு நான் சொல்லி தெரிய வேண்டியதில்ல, கவுண்டர்ல நின்னு சத்தம் போட்ட கூட்டத்துல நானும் ஒருத்தன்.

2025 ஆகஸ்ட் 14, கூலி ரிலீஸ். எங்க மலையக தேயிலை தோட்டத்து லயத்து பக்கம் அந்த சொல்லுக்கு யாரும் அர்த்தம் கேக்க மாட்டாங்க. அம்மா கொழுந்து எடுக்குறவங்க, ரஜினின்னா உசுரு, தியேட்டர் பக்கம் வந்து பத்து வருஷத்துக்கு மேல இருக்கும். அன்னைக்கி வேலைக்கி பேரு போடாம நின்னுட்டு, கல்யாண வீட்டுக்கு கட்டுற சாரிய கட்டிக்கிட்டு என்கூட வந்தாங்க. ஓ.டி.சி வகுப்பு டிக்கட்ல 700னு அச்சடிச்சிருந்தத பேனையால வெட்டி 1500னு எழுதியிருந்தீங்க. அம்மாவோட அடிப்படை நாட்சம்பளம் அப்ப 1350. டிக்கட்ட திருப்பி திருப்பி பாத்துட்டு "என்னா தம்பி, ரெண்டு பேத்துக்கும் சேத்தா இது?"ன்னு கேட்டாங்க. ஆமான்னு பொய் சொல்லிட்டேன்.

2.30 ஷோ. மூணாச்சு, மூணரையாச்சு, ஸ்கிரீன் வெள்ளையாவே இருக்கு. கேட்டா "கீ வரல"ன்னாங்க. படம் டிஸ்க்ல பூட்டிதான் வரும், தொறக்குற கீய தனியா அனுப்பணும், அதெல்லாம் எனக்கும் தெரியும், அதுக்கு ஒங்கள குத்தம் சொல்ல வரலிங்க. ஆனா கீ வரலன்னு தெரிஞ்சிக்கிட்டே டிக்கட்ட வித்துக்கிட்டு இருந்தீங்க பாருங்க, அதத்தான் கேக்குறேன். படம் தொடங்க நாலு மணி தாண்டிருச்சு. படமோ கிட்டத்தட்ட மூணு மணித்தியாலம், எங்க தோட்டத்து பக்கம் போற கடைசி பஸ் 6.15.

ஆறு மணிக்கு அம்மாவே என் கைய தட்டி "போவம்டா"ன்னாங்க. கதவுகிட்ட போயி ஒரு தடவ திரும்பி ஸ்கிரீன பாத்துட்டு வெளிய வந்தாங்க, அப்பறம் மழையில சாரிய தூக்கி புடிச்சிக்கிட்டு ஓட்டம். பஸ்ல ஒக்காந்து மூச்சு வாங்கிக்கிட்டே "கடைசில என்னாடா ஆகும்?"ன்னு கேட்டாங்க, எனக்கு மட்டும் எப்பிடி தெரியும். மறுநாள் காலையில வேலைக்கி கூடுற பிரட்டுக்களத்துல எல்லாரும் கதை கேட்டப்ப அவங்களா ஒரு முடிவ கட்டி விட்டுருக்காங்க, வில்லன ஆத்துல தள்ளிட்டாங்களாம். கேட்டவங்க எல்லாம் நம்பிட்டாங்க. நான் ஒங்ககிட்ட வந்து பாதி காசாவது தாங்கன்னு கேட்டதுக்கு கவுண்டர்ல இருந்தவரு சிரிச்சிக்கிட்டே சொன்னாரு, "பாதிக்கு மேல பாத்துட்டீங்களே தம்பி."

எதுக்கு இந்த 1500ன்னு கேட்டப்ப "இது 1000 கோடி படம், ரெக்கோர்ட் ஒடைக்கும்"னீங்க. 1000 கோடிய அது தொடல. 2025 வரைக்கும் எந்த தமிழ் படமும் தொட்டதில்லிங்க. பாகுபலி 2, ஆர்.ஆர்.ஆர், கே.ஜி.எஃப் 2, ஜவான் எல்லாம் தொட்டிருச்சு, ஜவான எடுத்த அட்லீ நம்ம தமிழ் டைரக்டர்தான், ஆனா படம் ஹிந்தி. கங்குவாவுக்கு தயாரிப்பாளரே 2000 கோடின்னு சொன்னாரு, 2024 நவம்பர் 14ல வந்துச்சு, அன்னைக்கி நம்ம இலங்கையில பாராளுமன்ற எலெக்சன் வேற. கடைசில சத்தம் தாங்கலன்னு ஆளுங்க சொல்லி, சவுண்ட கொறச்சி வைங்கன்னு தியேட்டர்காரங்கள அவரே கெஞ்சுற நெலமை. தங்கல் 2016ல வந்தப்ப சீனாக்காரங்க அப்பிடி விழுந்து விழுந்து பாப்பாங்கன்னு எவன் சொன்னான்? படம் எடுத்தவங்களுக்கே புடிபடாத கணக்க நம்பி நீங்க எங்க டிக்கட்ல பேனை வைக்கிறீங்க. ப்ரெடிக்சன் சரியா வந்தா லாபம் ஒங்களுக்கு, புட்டுக்கிச்சின்னா நட்டம் எங்களுக்கு. இதுல இன்னொன்னு, விலைய ரெண்டு மடங்காக்கிட்டா பாதி ஆளு வந்தாலும் அதே வசூல்தான். அது என்னா ரெக்கோர்டு? ஆள் தலைய எண்ணி சொல்லுங்க பாப்பம்.

ஆயிரம்னாலே எங்களுக்கு வேற ஞாபகம்தான் வருது. ஒரு நாளைக்கி ஆயிரம் ரூவா சம்பளம், இந்தா வருது அந்தா வருதுன்னு வருஷக்கணக்கா எங்களுக்கும் ப்ரெடிக்சன் சொன்னாங்க, ஒவ்வொரு எலெக்சனுக்கும் ஒரு ட்ரெய்லர், ரிலீஸ் ஆக 2021 ஆயிருச்சு. தோட்டத்து ரோட்டுக்கு கார்பெட் போடுறோம்னு சொன்னதுக்கு இன்னும் டீசரே வரல, அதனாலதான் ஆறே காலுக்கு மேல ஒரு பஸ்ஸும் வாறதில்ல. சரி, அது ஒங்க தலையில கட்டுற விசயமில்ல, கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிச்சிக்கங்க.

நான் கேக்குறது பெரிய விசயமில்லங்க. டிக்கட்ல என்னா அச்சடிச்சிருக்கோ அதயே வாங்குங்க. 2.30 ஷோவ 2.30க்கே போடுங்க. கீ வரலன்னா கவுண்டர மூடிட்டு, உள்ள இருக்குறவங்களுக்கு காச திருப்பி குடுங்க, இல்லாட்டி வேற நாளைக்கி அதே டிக்கட்ட செல்லுபடியாக்குங்க. ஏலாதுன்னா அதயும் போஸ்டர்லயே போடுங்க, ரெக்கோர்ட் நிச்சயம்னு போட்டிருக்கீங்கல்ல, அதுக்கு கீழயே.

இந்த படத்துக்கும் அம்மா வாறேன்னுதான் சொல்றாங்க. "விலை என்னா?"ன்னு இப்பவே கேக்குறாங்க, நான் இன்னும் சொல்லல. தயவு செஞ்சி டிக்கட்ல அச்சடிச்ச விலையவே வைங்கங்க, 6.15க்கு முன்னுக்கு படத்த முடிச்சி விடுங்க.

இப்படிக்கு,
ஓ.டி.சில பாதில எந்திரிச்சி போனவங்கள்ல ஒருத்தன்