தூத்துக்குடியின் ஐந்து பழைய அலகுகள்: மின் உற்பத்திக் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மின் உற்பத்திக் கழகத்தின் மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரைக்குத் தெற்கே திருமங்கலம் பக்கம் ஃப்ளை ஆஷ் கல் போடும் தொழில் எனக்கு. அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சுவதுதான் எங்கள் மூலப்பொருள். அந்தச் சாம்பலைக் கையில் அள்ளிப் பார்த்தாலே கொதிகலன் எப்படி எரிகிறது என்று ஓரளவு தெரிந்துவிடும். வெளுத்து, மாவுபோல் வந்தால் கரி நன்றாக எரிந்திருக்கிறது. கறுத்து வந்தால் எரியாத கரி கலந்திருக்கிறது. அதில் போட்ட கல்லுக்கு வலு குறையும். ஒடிசாவின் தால்சேரில் வெட்டி, ரயிலேற்றி, பாராதீப்பில் கப்பலேற்றி இத்தனை தூரம் கொண்டுவந்த கரி, மின்சாரமாகாமலே வெளியே போகிறது என்பதுதான் அதன் பொருள்.

தூத்துக்குடியில் உங்கள் 210 மெகாவாட் அலகுகள் (கொதிகலனும் டர்பைனும் சேர்ந்த மின் உற்பத்தித் தொகுதிகள்) ஐந்தும் 1979 முதல் 1990களின் தொடக்கம் வரை ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கியவை. அந்தக் கால வடிவமைப்பில், கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரமானாலே பெரிது. நம் நாட்டுக் கரியில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் எரிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகப் பெறும் ஒரு வீட்டுக்கு, அத்தனையும் அனலிலிருந்தே வந்தால், 70 கிலோ கரி. அதில் 25 கிலோவுக்குக் குறையாமல் சாம்பல். மதுரைப் பக்கம் செல்லூர், கப்பலூர் தொழிற்கூடங்களில் ஓடும் இயந்திரங்களின் கணக்கு தனி.

அந்தக் கரியின் புகை தூத்துக்குடி மக்களின் மூச்சில் போகிறது. விளக்கு எரிவது மதுரையிலும்தான். அதனால்தான் இதைக் கேட்கும் பொறுப்பு எங்களுக்கும் உண்டு என்று நினைக்கிறேன்.

நாளைக்கே அனல் நிலையத்தை மூடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பகலில் கமுதியில் மட்டுமே 648 மெகாவாட் சூரிய மின்சாரம் கிடைக்க வழியிருக்கிறது. பொழுது சாய்ந்ததும் அது நின்றுவிடும். ஊர் முழுக்க மின்விசிறி ஓடுவது அப்போதுதான். அந்த நேரத்துக்கு இன்னும் சில ஆண்டுகள் கரி வேண்டியிருக்கும். எந்த அலகில் எரிக்கிறோம் என்பதில்தான் என் வழக்கு. வடசென்னையின் 800 மெகாவாட் அலகும் உடன்குடித் திட்டத்தின் இரண்டு 660 மெகாவாட் அலகுகளும் சூப்பர் கிரிட்டிக்கல் வகை. 221 பார் அழுத்தத்துக்கு மேல் தண்ணீர் கொதித்துக் குமிழி விடுவதில்லை, நேரே ஆவி நிலைக்குப் போய்விடுகிறது. அழுத்தமும் வெப்பமும் கூடுவதால் அதே மின்சாரத்துக்குக் கரி ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறையும். கரி குறைந்தால் சாம்பலும் கந்தகமும் கரியமில வாயுவும் சேர்ந்தே குறைகின்றன. புகையைப் பிடிக்கும் கருவி எதுவும் இந்த மூன்றையும் ஒன்றாகக் குறைப்பதில்லை.

பழைய அலகுகளைப் பகலில் அடக்கி மாலையில் ஏற்றுவது இன்னொரு கேடு. சுமை மிகவும் இறங்கினால் தீ அணையாமலிருக்க எண்ணெய் தெளிக்க வேண்டும். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறிக் கொதிகலன் குழாய்கள் விரிசல் விடும். முப்பது, நாற்பது வயது தாண்டிய இயந்திரங்களை இந்த வேலைக்கு விடலாமா?

கந்தகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அனல் நிலையப் புகையில் கந்தகத்துக்கு வரம்பு வைத்து 2015 டிசம்பரில் வந்த விதியின் கெடு தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. 2025 ஜூலையில் ஒன்றிய அரசு நாட்டின் பெரும்பாலான அனல் அலகுகளுக்குக் கந்தக நீக்கக் கருவியிலிருந்து விலக்கே கொடுத்துவிட்டது. நம் கரியில் கந்தகம் குறைவு என்பது சரிதான். ஆனால் உயரமான புகைபோக்கி கந்தகத்தைத் தூரத்தில் பரப்புகிறது, அழிப்பதில்லை. காற்றில் அது சல்ஃபேட் நுண்துகளாக மாறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகக்கூடியது. இந்தக் கருவிக்குத் தேவையான சுண்ணாம்புக்கல் அருப்புக்கோட்டைப் பக்கம் பந்தல்குடியிலேயே வெட்டப்படுகிறது. கருவியிலிருந்து வரும் ஜிப்சத்தைச் சிமெண்ட் ஆலைகள் வாங்கும். கல் போடும் நாங்களும் கலவைக்கு ஜிப்சம் வாங்குகிறவர்கள்தான். இவ்வளவு வசதி நாட்டில் எத்தனை நிலையங்களுக்கு வாய்க்கும்? நாட்டில் பெரும்பாலான அலகுகளுக்கு விலக்கு கிடைத்துவிட்டது என்பதற்காக இதைக் கைவிட்டுவிடாதீர்கள்.

ஆனால் அந்தப் பணத்தை இன்னும் சில ஆண்டில் நிற்கப்போகும் அலகில் கொட்டுவது வீண். ஆகவே ஐந்து அலகுகளுக்கும் தனித்தனியாக முடிவெடுத்து, எது எந்த ஆண்டில் நிற்கும் என்று அறிவியுங்கள். நிற்கும் நாள் வரை அவற்றில் சாம்பல் பிடிக்கும் மின்தகடுகளையும் கரி அரைக்கும் மில்களையும் பராமரித்தாலே போதும். 2003-க்கு முந்தைய அலகுகளுக்குத் துகள் வரம்பு கன மீட்டருக்கு 100 மில்லிகிராம். அந்த அளவு ஒவ்வொரு அலகிலும் அன்றன்று எவ்வளவு என்று தமிழில் வெளியிடுங்கள். தொடர்ந்து ஓடப்போகும் அலகுகளுக்குக் கந்தக நீக்கம் வேண்டும். அங்கே வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களை உடன்குடிக்கு மாற்றும் ஏற்பாட்டையும் மூடும் தேதியோடு சேர்த்தே அறிவிக்க வேண்டும். பழைய அலகுகள் நின்றால் எங்களுக்குச் சாம்பல் வரத்து குறையும் என்பது தெரிந்துதான் எழுதுகிறேன். நிலையத்தின் சாம்பல் குளத்தில் ஏற்கெனவே தேங்கிக் கிடக்கும் சாம்பலை எடுத்துக்கொள்ள எங்களைப் போன்ற சிறு உற்பத்தியாளர்களுக்கு வழி செய்தால் அந்தக் குறை தீரும்.

இப்படிக்கு,
திருமங்கலம் வட்டார ஃப்ளை ஆஷ் கல் உற்பத்தியாளர் ஒருவர்