நீட்சி இயங்கவில்லையா? முதலில் பிழைப் பதிவைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தைப்பூசம் நெருங்கினாலே பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் பேனரும் ஸ்டிக்கரும் காவடிக்கான அக்ரிலிக் வெட்டு வேலையும் குவிந்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் இன்க்ஸ்கேப் வரைகலை மென்பொருளை நம்பித் தொழில் செய்யும் நம் இளைஞர்களுக்கு அந்த நேரத்தில் ஒரு நீட்சி (எக்ஸ்டென்ஷன், அதாவது மென்பொருளுக்குள் கூடுதல் வேலை செய்யும் சிறு நிரல்) மக்கர் செய்தால் கை ஒடிந்த மாதிரி. உடனே மென்பொருளை நீக்கிவிட்டுத் திரும்பப் போடுகிறார்கள். அதனால் பயன் இல்லை. நாம் சேர்த்த நீட்சிகள் மென்பொருளோடு இருப்பதில்லை. பயனரின் தனிக் கோப்புறையில் இருக்கின்றன. மென்பொருளை நீக்கினாலும் அந்தக் கோப்புறை அப்படியே கிடக்கும், பழைய கோளாறும் அதோடு கிடக்கும்.

எடிட் பட்டியலில் பிரிஃபரன்சஸ், அதில் சிஸ்டம் பகுதிக்குப் போனால் 'யூசர் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்ற வரியில் அந்தக் கோப்புறையின் முகவரி இருக்கும். பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் கோப்புறையே திறக்கும். ஒரு நீட்சிக்குக் குறைந்தது இரண்டு கோப்புகள் வேண்டும்: பட்டியலில் பெயரையும் அமைப்புகளையும் காட்டும் ஐஎன்எக்ஸ் கோப்பு ஒன்று, வேலையைச் செய்யும், பைத்தான் நிரல்மொழியில் எழுதிய கோப்பு ஒன்று. ஒன்று மட்டும் வந்து மற்றது வராமல் போவது அடிக்கடி நடக்கும். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் கோப்பின் பெயர்மேல் வலச்சொடுக்கிச் சேமித்தால் கோப்புக்குப் பதில் வலைப்பக்கம்தான் இறங்கும். நோட்பேடில் திறந்து பாருங்கள். தலைப்பிலேயே எச்டிஎம்எல் என்று இருந்தால் அது வலைப்பக்கம். ஜிப் கோப்பாக மொத்தமாக இறக்கிப் பிரிப்பதே சரி. இறக்கிய பின் இன்க்ஸ்கேப்பை மூடித் திறக்காமல் புது நீட்சி பட்டியலில் வராது.

பட்டியலிலேயே வரவில்லை, அல்லது மங்கலாகத் தெரிகிறது என்றால், அந்த நீட்சிக் கோப்புறைக்கு ஒரு படி மேலே 'எக்ஸ்டென்ஷன்-எரர்ஸ்' என்ற பதிவுக் கோப்பு இருக்கும். எந்த நீட்சி ஏற்றப்படவில்லை, எந்தத் துணைக்கோப்பு கிடைக்கவில்லை என்று அதில் எழுதியிருக்கும். கடைக்காரரிடம் கணினியைத் தூக்கிக்கொண்டு போகும் முன் அதைப் படித்துவிட வேண்டும்.

பட்டியலில் வருகிறது, 'அப்ளை' அழுத்தியதும் ஆங்கிலத்தில் நீளமான பிழைச் செய்தி வருகிறது என்றால் அதன் கடைசி வரியைத்தான் பார்க்க வேண்டும். 'பிரிண்ட்' என்ற சொல்லுக்கு அடைப்புக்குறி இல்லை என்று அந்த வரி சொன்னால் அந்த நீட்சி பைத்தான் 2-க்கு எழுதப்பட்டது. 2020 மே மாதம் வந்த இன்க்ஸ்கேப் 1.0 பைத்தான் 3-க்கு மாறிவிட்டது. அதற்கு முந்தைய 0.92 பதிப்பில் நன்றாக ஓடிய நீட்சிகள் பல அன்றோடு நின்றன. அதை எழுதியவர் புதுப்பதிப்பு வெளியிட்டிருக்கிறாரா என்று தேடுங்கள். 'டெப்ரிகேஷன் வார்னிங்' என்று வந்தால் அது வெறும் எச்சரிக்கை. செய்தியை மூடிவிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் வேலை முடிந்திருக்கும்.

மாட்யூல் (நீட்சிக்குத் தேவையான துணை நிரல்) கிடைக்கவில்லை என்ற செய்திக்கு, இணையத்திலிருந்து தனியாகப் பைத்தானை இறக்கி நிறுவுவதால் ஒன்றும் ஆகாது. விண்டோஸில் இன்க்ஸ்கேப் தன்னுடைய 'பின்' கோப்புறையில் சொந்தப் பைத்தானை வைத்திருக்கிறது. நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, அந்தக் கோப்புறைக்குள் போய், அங்குள்ள பைத்தானின் 'பிப்' என்ற நிறுவு கருவி வழியாக அந்த மாட்யூலை நிறுவ வேண்டும். முழுக்கப் பைத்தானிலேயே எழுதியவை எளிதில் ஏறும். சி மொழியில் தொகுக்க வேண்டியவை அடம்பிடிக்கும்.

இன்னொரு கோளாறைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். நண்பரின் பென்டிரைவிலிருந்து நீட்சிக் கோப்புறையை மொத்தமாக ஒட்டும்போது 'இன்கெக்ஸ்' என்ற பழைய பைத்தான் கோப்பும் கூடவே வந்துவிடும். அது எல்லா நீட்சிகளும் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் நூலகம். மென்பொருளோடு வரும் புதிய நூலகத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் கிடக்கும் பழையதை நாம் சேர்த்த நீட்சிகள் எடுத்துக்கொள்ளும். ஒரே நேரத்தில் எல்லாம் படுத்துவிடும். அந்த ஒரு கோப்பை அகற்றினாலே போதும். நீட்சி என்பது நம் கணினியில் முழு உரிமையோடு ஓடும் நிரல் என்பதால், எங்கிருந்து வந்ததென்று தெரியாததை ஒட்டவே கூடாது.

பிழைச் செய்தியே இல்லாமல் அளவு தவறி வருவதுதான் காசை விழுங்கும். பழைய இன்க்ஸ்கேப்பில் ஓர் அங்குலத்துக்கு 90 பிக்சல், 0.92-இலிருந்து 96. 90 என்று எழுதிவைத்த பழைய நீட்சி 100 மில்லிமீட்டர் கட்டத்தை 93.75 மில்லிமீட்டராக வரையும். லேசரில் வெட்டிய பிறகுதான் துளைகள் பொருந்தாதது தெரியும். நிரலில் 90 இருக்கும் இடத்தை 96 ஆக்குங்கள், முடியாவிட்டால் படத்தை 106.67 விழுக்காடு பெரிதாக்குங்கள். ஏறத்தாழ 3.78 மடங்கு பெரிதாக வந்தால் காரணம் வேறு: ஆவணத்தின் அலகு மில்லிமீட்டர், நீட்சி பிக்சலில் எழுதுகிறது. வரையத் தொடங்கும் முன்பே ஆவணப் பண்புகளில் 'ஸ்கேல்' மதிப்பைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழுக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. உரையை எழுத்து எழுத்தாகப் பிரிக்கும் நீட்சி ஒருங்குறிக் குறியீட்டை (யூனிகோட், கணினி எழுத்துகளுக்குத் தரும் எண்) மட்டும்தான் எண்ணும். 'கோலம்' என்று எழுதிப் பிரித்தால் க தனியாக நிற்கும். அதன் கொம்பும் காலும் புள்ளி வட்டத்தைச் சுற்றி வேறொரு துண்டாக நிற்கும். நீட்சி கெட்டுப்போகவில்லை, அது நம் எழுத்துமுறையை அறியாமல் எழுதப்பட்டது. கண்ட்ரோலும் டியும் அழுத்தி உரைக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். பிறகு 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து, குழுவைக் கலைத்து, கொம்பு தனியாக வந்திருந்தால் அதன் எழுத்தோடு மறுபடி குழுவாக்குங்கள். ஹெர்ஷி உரை நீட்சியோடு வரும் ஒற்றைக்கோட்டு எழுத்துருக்களில் தமிழ் கிடையாது; அதில் தமிழை எதிர்பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எதுவுமே நடக்கவில்லை என்றால் உருவம் தேர்வாகியிருக்கிறதா, குழுவுக்குள் இருக்கிறதா, பாதையாக மாற்றியாயிற்றா என்று பார்த்தால் போதும்.

தமிழ்ப்பள்ளிகளிலும் இளைஞர் அமைப்புகளிலும் வரைகலைப் பட்டறை நடத்துவோர் தங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே இன்க்ஸ்கேப் பதிப்பு எண்ணை அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பதிப்பு எண், பிழையின் கடைசி வரி, பதிவுக் கோப்பு ஆகிய மூன்றையும் சேர்த்து அனுப்பினால் உதவி செய்பவர் உடனே காரணத்தைப் பிடித்துவிடுவார். 'நீட்சி ஓடவில்லை' என்று மட்டும் வாட்ஸ்அப்பில் எழுதினால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
வாசகர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்