அந்த அட்டவணையைத் தூக்கிப் போடு, வசந்தி

அன்பு வசந்தி,

உன் வாய்ஸ் மெசேஜை நேற்று ராத்திரி மூன்று தடவை கேட்டேன். இருபது நாளில் ஆறு கிலோ குறைந்துவிட்டதென்று துள்ளிக்கொண்டு சொன்னாய், சரி. கடைசியில் பேச்சோடு பேச்சாக, "சாப்பிட்டா வலது விலாவுக்குக் கீழே பிடிச்சுக்குதுடி, கேஸ்தான்" என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அந்த டயட் அட்டவணையை உனக்கு அனுப்பியதே நான்தானே.

சிங்கப்பூர் வீட்டுச் செய்தியை முதலில் முடித்துவிடுகிறேன். அம்மா நலம், முட்டி வலி அப்படியேதான். பெரியவன் கட்டாயத் தேசிய சேவை முடித்து வந்துவிட்டான், வீட்டில் அரிசி நிற்பதில்லை. தேக்காவில் இன்பாவைப் பார்த்தேன், உன்னை விசாரித்தாள்.

ஒரு மாதமாக நான் ஏன் வாயே திறக்கவில்லை தெரியுமா? அட்டவணையை உனக்கு அனுப்பிய அதே வாரம் என் வயிறு கெட்டுப்போனது. சொல்ல வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன். அது தப்பு வசந்தி, உன்னிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

அந்த அட்டவணைப்படி ஒரு நாளைக்கு 800 கலோரி. காலையில் முட்டை வெள்ளைக்கரு இரண்டு, மதியம் பச்சைக் கோஸும் கொண்டைக்கடலையும், ராத்திரி சூப், எண்ணெய் சொட்டுக்கூடக் கிடையாது. முந்தின நாள் வரை பராட்டாவும் தே தாரிக் பால் டீயும் சாப்பிட்ட வயிறு இது. நாலு நாள் மலமே போகவில்லை. வயிறு மத்தளம் மாதிரி உப்பி, அங் மோ கியோவிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் வரைக்கும் எம்ஆர்டி ரயிலில் பையை வயிற்றில் அழுத்திக்கொண்டு நின்றேன். பசிக்குச் சர்க்கரையில்லாத மிட்டாயாகச் சப்பினேன், ஆறாம் நாள் ஒரேயடியாக வயிற்றால் போனது. பெருங்குடலில் ஏதோ கட்டி என்றே முடிவு கட்டிவிட்டேன், வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ராத்திரி அழுதேன்.

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) டாக்டர் பார்த்துவிட்டு டயட்டீஷியனிடம் அனுப்பினார். சின்னப் பெண், எவ்வளவு பொறுமையாக விளக்கினாள்! சாப்பாட்டின் அளவும் எண்ணெயும் ஒரே நாளில் இறங்கினால் குடலைத் தள்ளிவிட ஆளில்லை, அதனால் மலச்சிக்கல். நார்ச்சத்துக்குப் பழகாத குடலில் பச்சைக் காய்கறியையும் கடலையையும் கொட்டினால் அங்கிருக்கும் பாக்டீரியா அதைப் புளிக்க வைக்கிறது, அதுதான் காற்று. மிட்டாயில் சர்க்கரைக்குப் பதிலாக இருக்கிற சார்பிட்டால் என்ற இனிப்பு முழுதாக உடம்பில் சேராது, குடலுக்குள் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கட்டியுமில்லை ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் மாற்றியதுதான் வினை.

இப்போது முன்பு சாப்பிட்டதில் ஏறக்குறைய 500 கலோரி மட்டும் குறைக்கிறேன். சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்கிற தட்டுதான்: பாதி காயும் பழமும், கால்வாசி முழுத்தானியச் சோறு, கால்வாசி மீனோ பருப்போ. கோஸைப் பச்சையாகத் தொடுவதில்லை, ஒரு ஸ்பூன் எண்ணெயில் பொரியல். கடலையை ராத்திரி ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பெருங்காயம் போட்டு வேக வைக்கிறேன், முதல் வாரம் இரண்டு கரண்டிக்கு மேல் இல்லை. தண்ணீர் நிறைய. சாப்பிட்டதும் புளோக்கைச் சுற்றி இருபது நிமிஷம் நடை. மூன்று வாரத்தில் வயிறு அடங்கிவிட்டது. வாரம் அரை கிலோ இறங்குகிறது, அது போதும்.

என் கதை அவ்வளவுதான். உன் வலியை ஏன் கேஸ் என்று விடமாட்டேன் என்றால், அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் இறங்கினால் பித்தப்பையில் கல் வருகிற ஆபத்து கூடுமாம். கொழுப்பு வேகமாகக் கரையும்போது ஈரல் பித்த நீரில் கொலஸ்ட்ராலை அதிகமாகத் தள்ளுகிறது. சாப்பாட்டில் எண்ணெயே இல்லாததால் பித்தப்பை சுருங்கி அதை வெளியே விடுவதும் குறைந்து, தேங்கிக் கல்லாகிவிடுகிறது. வலி வலது விலாவுக்குக் கீழே, சாப்பிட்ட பிறகு வரும், சில பேருக்குத் தோள்பட்டைக்கும் முதுகுக்கும் ஏறும். நீ சொன்ன இடம் அதே இடம். நீ இறக்கியது வாரத்துக்கு இரண்டு கிலோ.

கல்தான் என்று நான் சொல்லவில்லை, அதைச் சொல்ல நான் யார்? ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்தால் தெரிந்துவிடும். இந்த வாரமே அங்கே பெர்த் நகரத்தில் உன் டாக்டரிடம் போ, எத்தனை நாளில் எவ்வளவு எடை குறைந்தது என்பதை மறைக்காமல் சொல். அதற்குள் காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, வலி சில மணி நேரம் விடாமல் இருந்தாலோ அப்பாயிண்ட்மெண்டுக்குக் காத்திருக்காதே, நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. நீ பல்வலியையே இரண்டு மாதம் கிராம்பை வைத்து ஓட்டியவள், உன்னை எனக்குத் தெரியாதா?

அட்டவணையைக் கிழித்துப் போடு. எந்தத் தேதிக்கு டாக்டரைப் பார்க்கிறாய் என்று நாளைக்குள் எழுது. எழுதவில்லை என்றால் ரகுவுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிவிடுவேன், அப்புறம் என்னைக் கோபிக்கக்கூடாது.

உன்
மாலதி