ரிப்பர் செய்வது குறித்து நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மண் தோண்டும் மூன்று டன் மினி ஹிட்டாச்சி ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கியதையும், வேர் வாடல் நோயால் காய்ப்பற்றுப் போன தென்னைகளை எடுத்துவிட்டு மறுநடவு செய்யப்போவதையும் எழுதியிருந்தாய். நீயே நட்டு வளர்த்த தோப்பு என்பதால் படிக்கும்போது மனம் கனத்தது. இங்கே அனைவரும் நலம். பட்டறையில் லேத் வேலையை இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். வெல்டிங்கை மட்டும் நான் இன்னும் யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

தென்னங்கட்டையைப் பெயர்க்க, பக்கெட்டுக்குப் பதிலாக மாட்டும் ஒற்றைக் கொக்கியான ரிப்பர் வேண்டும், அது நல்ல கனமாகவும் நீளமாகவும் இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறாய். அதில் எனக்கு உடன்பாடில்லை. சிறிய வண்டியில் பக்கெட்டை மடக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர் கொடுக்கும் விசைக்கு ஓர் எல்லை உண்டு. பக்கெட்டை வண்டியின் கையோடு (ஆர்ம்) இணைக்கும் பின் என்ற இரும்பு உருளையிலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் பல்லின் நுனியில் ஏறத்தாழ மூன்று டன் விசை கிடைக்கிறது என்று கொள்வோம். அதே சிலிண்டரைக் கொண்டு ஒரு மீட்டர் நீள ரிப்பரை இழுத்தால் நுனியில் இரண்டு டன்னுக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். நீளம் கூடக் கூட இழுவை குறைகிறது. கனமும் அப்படித்தான்: கையை முழுதாக நீட்டிய நிலையில் இவ்வகை வண்டி தூக்கும் எடையே சில நூறு கிலோதான் என்பதால், இணைப்பில் நாம் வீணாகச் சேர்க்கும் ஒவ்வொரு கிலோவும் வண்டியின் நிலைப்பைக் குறைக்கிறது.

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. கட்டையின் அடியிலிருந்து விரல் பருமனில் ஆயிரக்கணக்கான வேர்கள் சுற்றிலும் பாய்ந்திருக்கும். எனவே மொத்தக் கட்டையையும் ஒரே இழுப்பில் பிடுங்க முயலாமல், சுற்றிவந்து வேர்களை அறுத்துவிட்டால் கட்டை தானாகத் தளரும். அதற்கு 25 மில்லிமீட்டர் மைல்ட் ஸ்டீல் தகட்டில் உடலை வெட்டி, உட்பக்க விளிம்பில் ரம்பம் போலப் பற்கள் அமைத்து, நுனியில் மட்டும் தேய்மானம் தாங்கும் கடின எஃகான ஹார்டாக்ஸ் 450 துண்டு ஒன்றை வைத்தால் போதும். லாரியின் ஸ்பிரிங் பட்டையை வைக்கலாமா என்று நீ கேட்டது நியாயமே, பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த இரும்பில் கார்பன் அதிகம். முறையாகச் சூடேற்றாமல் வெல்டிங் செய்து அவசரமாக ஆறவிட்டால், வெல்டிங் தையலை ஒட்டிய இடம் கண்ணாடி போல உடையும். ஹார்டாக்ஸிலும் ஒரு கவனம் வேண்டும்: 250 டிகிரிக்கு மேல் சூடு ஏறினால் அதன் கடினம் போய்விடும், ஆகவே தொடர்ந்து வெல்டிங் அடிக்காமல் இடைவெளி விட்டு அடிக்க வேண்டும்.

வெல்டிங் ராடைப் பொறுத்தவரை 6013 வகையை இந்த வேலைக்குத் தொடமாட்டேன், 7018 வகைதான். மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்து வைத்தால் ராடின் பூச்சு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரத்திலுள்ள ஹைட்ரஜன் தையலுக்குள் புகுந்து, வேலை முடிந்து ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூட விரிசல் விடும். அதனால் 300 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம் உலர்த்திய ராடையே எடுப்பேன்.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் கவலைப்படுவது, ரிப்பரை வண்டியோடு இணைக்கும் துளையிட்ட தகடுகளான காதுகளைப் பற்றித்தான். இரண்டு காதுகளிலும் பின் உட்காரும் வளையங்களான புஷ்களைப் பொருத்தி, இரண்டு ஜோடித் துளைகளிலும் லேத்தில் கடைந்த முழுநீளக் கம்பியைச் செருகி, நடுவே ஆர்மின் அகலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டிய பைப்பை அடைத்த பிறகே டாக் (தற்காலிகப் புள்ளி வெல்டிங்) வைப்பேன். வெல்டிங் ஆறும்போது காதுகளை உள்நோக்கி இழுக்கும் என்பதால், இடம் வலமாக மாறி மாறிச் சிறு சிறு தையலாகப் போட வேண்டும். முழுதும் ஆறிய பின் அந்தக் கம்பி கையாலேயே சுழன்று வெளியே வர வேண்டும். சுத்தியால் அடித்துத்தான் எடுக்க முடிகிறதென்றால், அந்த ரிப்பர் உன் வண்டியின் புஷ்களைச் சில மாதங்களில் தின்றுவிடும்.

நீயே சிறு தையல் எதையாவது போட நேர்ந்தால், இணைப்பை வண்டியிலிருந்து கழற்றிக் கீழே வைத்துவிட்டுச் செய். வண்டியில் மாட்டியபடியே வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பைக் கண்ட இடத்தில் கடித்தால், கரண்ட் பின் வழியாகப் பாய்ந்து புஷ்ஷைச் சுட்டுவிடும். வேர் மாட்டிக்கொண்டால் ஆபரேட்டர், ஆர்மைத் தாங்கும் பெரிய கையான பூமைப் பக்கவாட்டில் வீசி இழுக்கக் கூடாது என்பதையும் கண்டிப்பாகச் சொல்லிவை. எந்த ரிப்பரும் அந்தத் திசையில் தாங்குவதற்காகச் செய்யப்படுவதில்லை; அது வளைவதற்கு முன் ஆர்ம் முறுக்கிக்கொண்டால் செலவு பெரிது.

நிலத்தைச் சமன் செய்ய நீ கேட்ட அகலப் பக்கெட்டைப் பிறகு பார்ப்போம், அது எளிய வேலை. இப்போதைக்குப் பழைய பக்கெட்டைக் கழற்றி, பின்னின் விட்டம், இரு பின்களின் மையங்களுக்கு இடையிலான தூரம், காதுகளுக்கு நடுவிலுள்ள அகலம் ஆகிய மூன்றையும் வெர்னியரில் அளந்து எழுது. டேப்பில் அளந்து அனுப்ப வேண்டாம். பின் தேய்ந்திருந்தால் தேயாத ஓரத்தில் அளந்துகொள். அளவு வந்ததும் புஷ் கடையத் தொடங்கிவிடலாம்.

உன் அன்பு நண்பன்