கண்ணகிக்கு எதிரே ஓர் அரசன் இருந்தான்

கோலாலம்பூரில் தமிழ்ப் பேச்சுப்போட்டி நடத்தும் அமைப்புகளுக்கும் நடுவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டாளர்களே, நடுவர்களே, வணக்கம்.

சமத்துவம் நீங்கள் விரும்பித் தரும் தலைப்பு. பெண் சமத்துவம், சாதியற்ற சமுதாயம், சட்டத்தின் முன் யாவரும் ஒன்று எனப் பெயர் மாறி மாறி வரும். பேச்சு மட்டும் மாறுவதில்லை. 'யாதும் ஊரே' என்று தொடக்கம், 'பிறப்பொக்கும்' என்று ஒரு குறள், பாரதியில் ஓரடி, மார்ட்டின் லூதர் கிங்கின் கனவு, மண்டேலாவின் 27 ஆண்டுச் சிறை. அதற்குள் மணி அடித்துவிடும். குரல் கணீரென்று இருந்தால் கோப்பையும் கிடைத்துவிடும். அந்த ஐந்து நிமிடத்தில் பிள்ளை யாரிடம் என்ன கேட்டது என்று யோசித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. இது பிள்ளைகளின் குறை இல்லை. நாம் கொடுக்கிற தலைப்பும் புள்ளித்தாளும்தான் அவர்களை இப்படிப் பேச வைக்கின்றன.

பள்ளிகளிலும் பயிற்சி நிலையங்களிலும் பிள்ளைகளை மேடைக்குத் தயார்செய்யும் ஆசிரியர்கள் நாங்கள். உங்களிடம் கேட்பது இது: உங்கள் போட்டியில் ஒப்பீட்டுச் சுற்று ஒன்றைச் சேருங்கள். இலக்கியத்தில் ஒரு பாத்திரம் பேசிய சமத்துவப் பேச்சு ஒன்று, வரலாற்றில் ஒருவர் பேசிய பேச்சு ஒன்று. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, பிள்ளை தன் சொந்தப் பேச்சை எழுதட்டும். அதை எப்படிச் செய்வது, எங்கே சறுக்கும் என்பதைக் கீழே விரிவாக எழுதியிருக்கிறோம்.

முதலில் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை. கண்ணகி பாண்டியன் அவைக்கு வந்ததைப் பிள்ளைகள் ஆவேசக் காட்சியாகவே படித்திருக்கிறார்கள். தலைவிரி கோலம், கையில் ஒற்றைச் சிலம்பு, உரத்த குரல். வரிகளை எண்ணிப் படித்தால் வேறொன்று தெரியும். அரசன் கேட்டது ஒரே கேள்வி: 'யாரையோ நீ மடக்கொடியோய்?' பெயரைக் கேட்கிறான். அவள் உடனே பெயரைச் சொல்லவில்லை. 'தேரா மன்னா' என்று தொடங்கி, பதினைந்து அடிக்குள் தன் வழக்கு முழுவதையும் அடுக்குகிறாள். புறாவின் துயர் தீர்த்த மன்னன் ஒருவன், பசுவின் கண்ணீருக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மன்னன் ஒருவன். அவர்கள் ஆண்ட புகார் என் ஊர் என்கிறாள். முன்னுதாரணத் தீர்ப்பு வந்துவிட்டது. பிறகு கணவனின் குடி, ஊர்விட்டு வந்த காரணம், விற்க வந்த பொருள், 'நின்பால்' அவன் கொலைக்களப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவன் யார் என்பதும் வந்துவிட்டது. கேட்ட கேள்விக்கான விடை கடைசி அடியில்தான்: 'கண்ணகி என்பதென் பெயரே.' அவையில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயர் காதில் விழும்போது, அது ஏற்கெனவே ஒரு வழக்கின் பெயராகிவிட்டது.

கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று அரசன் சட்டம் பேசுகிறான். அதை அவள் மறுக்கவில்லை; இங்கேதான் பிள்ளைகள் நின்று கவனிக்க வேண்டும். சட்டம் சரியா என்ற விவாதத்துக்கே போகாமல், அந்தச் சட்டம் தன் கணவனுக்குப் பொருந்துமா என்று சோதிக்கக்கூடிய ஒரே ஒரு செய்தியை வைக்கிறாள்: என் சிலம்பின் பரல் மாணிக்கம். அரசன் தன் வாயாலேயே 'யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே' என்கிறான். அவன் சொன்ன பிறகுதான் சிலம்பு உடைகிறது. உடைத்துவிட்டுக் கேட்டிருந்தால் ஆயிரம் சமாதானம் சொல்லியிருப்பார்கள். சமத்துவம் என்ற சொல்லே அந்தக் காதையில் இல்லை. வேந்தனுக்கும் வேற்றூரிலிருந்து வந்த வணிகன் மனைவிக்கும் ஒரே அளவுகோல் என்பதை அவள் வாதத்தின் அமைப்பே நிலைநாட்டிவிடுகிறது.

இதனருகே 1964 ஏப்ரல் 20 அன்று பிரிட்டோரியா நீதிமன்றத்தில் நெல்சன் மண்டேலா பேசியதை வையுங்கள். ஏறத்தாழ மூன்று மணி நேரம். அவரும் தான் யார் என்பதில்தான் தொடங்கினார்: குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதல்வன் நான்; பட்டம் பெற்றவன்; ஜோகன்னஸ்பர்க்கில் பல ஆண்டுகள் வழக்கறிஞராகத் தொழில் செய்தவன். கறுப்பருக்குக் கல்வியும் தொழிலும் மறுக்கப்பட்ட நாட்டில் அது வெறும் தன்விவரம் இல்லை. அடுத்து, நாசவேலைக்குத் திட்டமிட்டதை மறுக்கவில்லை என்று தாமே ஒத்துக்கொள்கிறார். எதிர்த்தரப்பு எதை நிரூபிக்கப் பாடுபடுமோ அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டதால், மீதி நேரம் முழுவதும் 'ஏன்' என்பதற்குக் கிடைக்கிறது. வெள்ளையர் ஆதிக்கத்தையும் எதிர்த்தேன், கறுப்பர் ஆதிக்கத்தையும் எதிர்த்தேன் என்ற புகழ்பெற்ற முடிவு அந்த மூன்று மணி நேரத்தின் விளைச்சல். எங்கள் மேடைகளில் பிள்ளைகள் அந்த முடிவை மட்டும் பிய்த்தெடுத்து வந்து பேசுகிறார்கள். வேர் இல்லாத பூ எத்தனை நேரம் நிற்கும்?

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பெரிய வேறுபாடு ஒன்று பளிச்சென்று தெரியும். பாண்டியன் 'யானோ அரசன், யானே கள்வன்' என்று தன்னையே தண்டித்துக்கொண்டு விழுந்தான். பிரிட்டோரியா நீதிபதி 1964 ஜூனில் ஆயுள் தண்டனை விதித்தார். காப்பியத்தில் பேசுபவரின் வாயையும் கேட்பவரின் செவியையும் எழுதியவர் ஒருவரே. நிஜ அவையில் கேட்பவரின் செவி நம் கையில் இல்லை. கண்ணகியின் குரலை மட்டும் கடன் வாங்கும் பிள்ளைக்கு, எதிரே உட்கார்ந்திருப்பவர் அரியணையிலிருந்து விழமாட்டார் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கேட்பவர் மனம் மாறாத கதையும் நம் இலக்கியத்திலேயே இருக்கிறது; மேடையில் யாரும் தொடுவதில்லை. மணிமேகலையில் ஆபுத்திரன்; பிறந்ததும் கைவிடப்பட்டு ஒரு பசுவின் பாலில் பிழைத்தவன். வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை இரவில் அவிழ்த்துக்கொண்டு போகிறான். பிடிபட்டு, 'நீ ஆவின் மகன்' என்று இழிக்கப்படும்போது அவன் கொடுக்கும் பதில் வாதக்கலைக்கு நல்ல பாடம். பசுவின் மகன் அசலன், மானின் மகன் சிருங்கி, புலியின் மகன் விரிஞ்சி, நரியின் மகன் கேசகம்பளன். இவர்கள் உங்கள் குலத்து முனிவர்கள் என்று நீங்களே போற்றுகிறீர்களே, 'ஆவொடு வந்த அழிகுலம் உண்டோ' உங்கள் மறையில் என்று கேட்கிறான். எதிராளி மறுக்கவே முடியாத நூலிலிருந்து சான்று. வாதத்தில் ஓட்டை கிடையாது. பலன்? வளர்த்தவரே வீட்டைவிட்டு விரட்டுகிறார். பிச்சைப் பாத்திரத்தில் சோற்றுக்குப் பதிலாகக் கல் விழுகிறது.

இதற்கு இணை தேட வெகுதூரம் போக வேண்டாம். 1936இல் லாகூரில் சாதி ஒழிப்பு அமைப்பு ஒன்று தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தது. உரையை முன்கூட்டியே படித்துப் பார்த்தவர்கள் சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். அவர் மறுத்தார், மாநாடு ரத்தானது. பேசப்படாத அந்த உரையை அவர் தம் செலவில் அச்சிட்டார். 'சாதியை அழித்தொழித்தல்' என்று இன்று நாம் படிப்பது, ஒரு மேடையும் ஏறாத பேச்சு. எதிராளியின் சாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டே வாதாடுவது, தருக்கத்தில் வென்றும் கதவு சாத்தப்படுவது என்று இரண்டிலும் ஒரே அமைப்பு. இந்த இணையைப் படிவம் 4, 5 மாணவர்களுக்குத் தாராளமாகத் தரலாம். நல்ல வாதம் ஏன் தோற்கிறது என்ற கேள்விக்கு அவர்களே விடை தேடுவார்கள்.

அடுத்து, நாங்கள் மிகவும் வருந்தும் ஒரு குறை: கோரிக்கையே இல்லாத பேச்சு. கிங்கின் கனவை ஒப்பிக்காத பிள்ளை இல்லை. 1963 ஆகஸ்ட் 28 அன்று நடந்த அந்தப் பேரணிக்கு 'வேலைக்கும் விடுதலைக்குமான பேரணி' என்று பெயர். அச்சடித்த கோரிக்கைப் பட்டியல் அதற்கு இருந்தது; மணிக்கு 2 டாலர் குறைந்தபட்ச ஊதியமும் அதில் ஒன்று. உரையின் முன்பாதியில் கிங் வங்கிக் காசோலையைப் பற்றிப் பேசுகிறார்: நாட்டை நிறுவியவர்கள் எல்லாருக்கும் எழுதிக்கொடுத்த கடன்பத்திரம், கறுப்பருக்கு மட்டும் பணமில்லை என்று திரும்பி வந்துவிட்டது. ஆபுத்திரன் செய்ததும் இதுவே. எதிராளியின் சொந்த ஆவணத்தையே எடுத்து நீட்டுவது. கனவுப் பகுதி எழுதிவைத்த பிரதியில் இல்லை, மேடையில் வந்து சேர்ந்தது. நம் பிள்ளைகள் மனனம் செய்வது அதை மட்டுமே.

நம் ஊர் வரலாற்றில் இதைவிட நெருக்கமான சான்று ஒன்று இருக்கிறது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம். தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் இருந்தார். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி வசதி, பெண்களுக்குப் பாலியல் தொல்லையிலிருந்து பாதுகாப்பு, கள்ளுக்கடைகளை மூடுவது, சங்கம் அமைக்கும் உரிமை என்று கோரிக்கைகள் போகும். அவற்றுள் ஒன்று: துரைக்கும் (தோட்டத்து வெள்ளைக்கார மேலாளர்) கிராணிக்கும் (தோட்ட எழுத்தர்) எதிரே சைக்கிளில் வரும்போது இறங்காமல் போகும் உரிமை. சமத்துவத்தைப் பற்றி எத்தனை அடுக்குமொழி பேசினாலும் இந்த ஒரு வரிக்கு ஈடாகுமா? காலை ஊன்றி இறங்க வேண்டியதில்லை, அவ்வளவுதான் கேட்டார்கள். நாதன் அந்த மே மாதம் கைதானார், பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, தொழிலாளர் உயிர்கள் போயின. இந்தப் பட்டியலைப் பேச்சாகவே படிக்கச் சொல்லித்தாருங்கள். கேட்பவர் யார், கேட்டது எது என்பதில் ஒரு சொல்லும் மயக்கமில்லை.

இனிச் செய்முறை. போட்டிக்கு மூன்று வாரம் முன்பே இணைப்பேச்சுத் தாள் ஒன்றைப் பள்ளிகளுக்கு அனுப்புங்கள். ஒரு பக்கத்தில் இலக்கியப் பகுதி, அருஞ்சொற்பொருளுடன்; மறுபக்கத்தில் வரலாற்று உரையின் பகுதி, பேசிய இடமும் நாளும் குறித்து. முதல் வாரம் பிள்ளை பென்சிலால் நான்கு இடங்களை மட்டும் கோடிடட்டும்: பேசுபவர் தன்னை யாரென்று சொல்லும் இடம், சான்று வைக்கும் இடம், எதிராளியின் வாதத்தைத் தொடும் இடம், கேட்பதைக் கேட்கும் இடம். ஏதாவது ஓர் இடம் காணவில்லை என்றால் அதையும் ஓரத்தில் எழுதட்டும். இல்லாததைக் கண்டுபிடிப்பதுதான் ஒப்பீட்டில் பாதி வேலை. இரண்டாம் வாரம் சொந்தப் பேச்சு. ஐந்து நிமிடத்துக்கு 450 சொல் போதும். 600 சொல் எழுதிவந்தால் மூச்சு விட இடமிருக்காது, கடைசியில் உள்ள கோரிக்கைதான் அவசரத்தில் நசுங்கும். மேற்கோள் இரண்டுக்கு மேல் வேண்டாம். மூன்றாம் வாரம் வாய்விட்டுப் பேசும் பயிற்சி, எதிரே ஓர் ஆசிரியர் 'நான் ஏற்கமாட்டேன்' என்று சொல்லிக்கொண்டே கேட்க.

கோரிக்கை சிறிதாக, பெயர் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். 'சமுதாயம் மாற வேண்டும்' என்றால் யாரும் வீட்டுக்குப் போய் எதையும் செய்யப்போவதில்லை. பள்ளிச் சிற்றுண்டிச்சாலை, கோயில் நிர்வாகம், காற்பந்துக் குழுவில் பெண்பிள்ளைகளுக்குத் திடல் நேரம் என்று குறிப்பாக வரட்டும். சான்று வேண்டுமென்றால் நம் கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆம் விதி இருக்கிறது: சட்டத்தின் முன் அனைவரும் சமம். பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்பது 2001இல்தான் அந்த விதியில் சேர்ந்தது. சட்டமே வளர்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எது?

தாள் தயாரிப்பவர்களுக்கும் சில எச்சரிக்கைகள் உண்டு. சோஜர்னர் ட்ரூத் 1851இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பேசியதை எடுத்தால், எந்தப் பிரதி என்று பாருங்கள். சில வாரங்களில் இதழில் வந்த பதிவில் 'நான் பெண்ணில்லையா' என்ற அந்தப் புகழ்பெற்ற பல்லவி இல்லை. அது 12 ஆண்டு கழித்து வேறொருவர் எழுதிய பதிவில் வருகிறது. வெனிஸ் வணிகன் நாடகத்தில் ஷைலாக்கின் 'யூதனுக்குக் கண்ணில்லையா' பேச்சைத் தந்தால் முழுவதும் தாருங்கள். அது சமத்துவத்தில் தொடங்கிப் பழிவாங்கும் நியாயத்தில் முடிகிறது. பாதியில் வெட்டினால் பிள்ளை தவறான நூலைப் படித்ததாகிவிடும். 'பிறப்பொக்கும்' குறளுக்கும் இரண்டாம் அடி உண்டு. 'யாதும் ஊரே' பாட்டின் உயிர் கடைசி இரண்டு அடிகளில் இருக்கிறது: பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே. சமத்துவம் பேச வந்துவிட்டு அதை விட்டுவிட்டுப் போகிறோம்.

புள்ளித்தாளில் நாங்கள் கேட்கும் மாற்றம் சிறியது. உச்சரிப்பு, குரல், உடல்மொழி, மொழிநடை இவற்றுக்கான 60 புள்ளி உங்கள் விருப்பப்படி இருக்கட்டும். கருத்துக்கான 40ஐ நான்காகப் பிரியுங்கள்: கேட்பவரை அறிந்து பேசியதற்கு 10, சோதிக்கக்கூடிய சான்றுக்கு 10, மறுப்பை எதிர்கொண்டதற்கு 10, தெளிவான கோரிக்கைக்கு 10. பேச்சு முடிந்ததும் நடுவர் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும், பிள்ளை ஒரு நிமிடத்தில் பதில் சொல்லட்டும். மனனப் பேச்சு எது, சொந்தப் பேச்சு எது என்று அங்கே தெரிந்துவிடும். பதில் தடுமாறினாலும் பரவாயில்லை. தடுமாற்றத்துக்குப் புள்ளியைக் குறைக்காதீர்கள், யோசித்ததற்குக் கொடுங்கள்.

மூன்று இணைகளுக்கான தாள்களை நாங்களே இலவசமாகத் தயாரித்துத் தருகிறோம்: கண்ணகியும் மண்டேலாவும், ஆபுத்திரனும் அம்பேத்கரும், கிங்கின் காசோலைப் பகுதியும் கிள்ளான் கோரிக்கைகளும். மூன்றாவதில் இரண்டுமே வரலாறு என்பது தெரியும். அதை இடைநிலைப்பள்ளி இறுதிச் சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். நடுவர்களுக்கு அரைநாள் பயிற்சி தரவும் தயாராக இருக்கிறோம். அடுத்த போட்டிக்கான சுற்றறிக்கையை அனுப்புமுன் ஒரு சந்திப்புக்கு நாள் குறித்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பேச்சுப் பயிற்சி ஆசிரியர்கள் சிலர்,
கோலாலம்பூர்