புதுப்பிப்பு இரண்டு கட்டளையோடு முடிவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

லினக்ஸ் கணினியில் நிறுவியிருக்கும் மென்பொருள்களைப் புதுப்பிப்பது பற்றி உங்கள் கணினிப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். டெபியன், உபுண்டு வகை லினக்ஸ்களில் மென்பொருளை நிறுவும் கருவியான ஆப்ட்டுக்கு 'ஆப்ட் அப்டேட்', 'ஆப்ட் அப்கிரேட்' என்று இரண்டு கட்டளைகளைத் தட்டினால் வேலை முடிந்தது என்கிறது கட்டுரை. உண்மையில் பாதி வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது. அதைவிட, போகிற போக்கில் கட்டுரை சொல்லும் ஒரு குறுக்குவழி கணினியையே கெடுத்துவிடக்கூடியது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். (கட்டளைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில்தான் தட்ட வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு முன்னால், நிர்வாகி உரிமை தரும் 'சூடோ' சேர்க்க வேண்டும்.)

'பூட்டு கிடைக்கவில்லை' என்று பிழை வந்தால் '/வார்/லிப்/டிபிகேஜி/லாக்-ஃப்ரன்ட்எண்ட்' கோப்பை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். அந்தக் கோப்பு இருப்பதால் பூட்டு விழுவதில்லை. கோப்பு எப்போதும் அங்கேதான் இருக்கும், அளவு பூஜ்யம். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் அதைத் திறந்து, 'இது என் கையில்' என்று இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் பதிந்து வைத்திருப்பதுதான் பூட்டு. அந்த நிரல் முடிந்தாலும் செத்தாலும் கெர்னல் பூட்டைத் தானாக விடுவித்துவிடும். ஆகவே 'பழைய பூட்டு ஒட்டிக்கொண்டு நிற்கிறது' என்ற பேச்சுக்கே இடமில்லை. பிழை வருகிறது என்றால் யாரோ உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அது பின்னணியில் தானாகப் புதுப்பிக்கும் 'அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்' நிரல். இப்போதைய ஆப்ட் பதிப்புகள் அந்த நிரலின் பெயரையும் எண்ணையும் பிழைச் செய்தியிலேயே காட்டுகின்றன. கோப்பை அழித்தால் அடுத்த ஆப்ட் அதே பெயரில் புதுக்கோப்பு ஒன்றை உருவாக்கி அதைப் பூட்டிக்கொள்ளும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பேரேட்டில் எழுதக்கூடும். எந்த பேக்கேஜ் (மென்பொருள் பொதி) எந்த நிலையில் இருக்கிறது என்ற பதிவு குழம்பிப்போகலாம். சில நிமிடம் பொறுத்திருந்தால் தானாகத் தீர்ந்துவிடும் விஷயம் இது.

மின்சாரம் போய், அல்லது தூரத்துக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு அறுந்து, பாதியில் நின்றுவிட்டது என்றால் கதை வேறு. ஆப்ட்டுக்கு அடியில் நிறுவும் வேலையைச் செய்யும் டிபிகேஜி ஒரு பேக்கேஜை முதலில் பிரித்து வைக்கும், பிறகுதான் அமைக்கும். நடுவில் நின்றவற்றை 'டிபிகேஜி --ஆடிட்' பட்டியலிட்டுக் காட்டும். 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' அவற்றை முடித்து வைக்கும். சார்புகள் (ஒரு பேக்கேஜ் இயங்கத் தேவையான மற்ற பேக்கேஜ்கள்) அறுந்திருந்தால் அடுத்து 'ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்'. தூரத்துச் சர்வரில் வேலை செய்பவர்கள் 'டிமக்ஸ்' அல்லது 'ஸ்கிரீன்' உள்ளே நுழைந்துகொண்டு அப்கிரேட் ஓட்டினால் இணைப்பு போனாலும் வேலை நிற்காது.

இனி அந்த இரண்டு கட்டளைகள். 'அப்டேட்' எந்த மென்பொருளையும் தொடுவதில்லை. மென்பொருள்களை இறக்கித்தரும் இணையக் களஞ்சியத்தில் எந்தெந்தப் பதிப்பு இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் புதிதாக இறக்கிக்கொள்ளும். அதை ஓட்டாமல் 'அப்கிரேட்' ஓட்டினால் போன மாதப் பட்டியலை வைத்துக்கொண்டு 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று சொல்லும். பட்டியல் வந்ததும் 'ஆப்ட் லிஸ்ட் --அப்கிரேடபிள்' பாருங்கள். 'ஆப்ட் -எஸ் அப்கிரேட்' போட்டால் எதையும் மாற்றாமல், என்ன செய்யப்போகிறது என்று ஒத்திகை பார்த்துக் காட்டும். கணினி நேரம் பின்தங்கியிருந்தால் இந்த முதல் படியிலேயே களஞ்சியத்தின் ரிலீஸ் கோப்பு 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று தகராறு செய்யும். அப்போது கடிகாரத்தைச் சரிசெய்தால் போதும்; களஞ்சியம் உண்மையானதா என்று பார்க்கும் கையெழுத்துச் சோதனையை அணைத்துவைக்கத் தேவையில்லை.

சில பேக்கேஜ்கள் புதுப்பிக்கப்படாமல் 'கெப்ட் பேக்' என்று நிற்பதற்குக் கட்டுரையில் விளக்கமே இல்லை. காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். ஒன்று, யாரோ 'ஆப்ட்-மார்க் ஹோல்ட்' போட்டு நிறுத்தி வைத்திருப்பார்கள். அல்லது, உபுண்டுவில் அந்தத் திருத்தம் எல்லோருக்கும் ஒரேநாளில் போகாமல் படிப்படியாக விடப்படுகிறது, காத்திருந்தால் வரும். அதுவும் இல்லையென்றால், அதை ஏற்ற வேறொரு பேக்கேஜை நீக்க வேண்டியிருக்கும். 'அப்கிரேட்' எதையும் நீக்காது என்பதால் அங்கேயே நின்றுவிடும். இந்த மூன்றாவது நிலைக்குத்தான் 'ஃபுல்-அப்கிரேட்'. அதில் 'ரிமூவ்ட்' என்ற தலைப்பின்கீழ் வரும் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்காமல் 'ஒய்' தட்டினால், மறுநாள் டெஸ்க்டாப்பையே தேட வேண்டி வரலாம். '-ஒய்' சேர்த்துத் தானாக ஓடவிடுவது அதைவிட மோசம்.

அடுத்தது, கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் இருக்கும் '/பூட்' அடைவு. தனிப் பகிர்வாகச் சின்னதாக இருக்கும் கணினிகளில் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஒவ்வொரு புதுக் கெர்னலும் தன்னையும் தன் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பையும் (தொடக்கத்தில் கெர்னலுக்கு உதவும் கோப்பு) அங்கே வைக்கும். பழையவை குவிந்து இடம் தீர்ந்தால் இனிட்ராம்எஃப்எஸ் பாதியில் உடையும், கெர்னல் பேக்கேஜ் அமைக்கப்படாமல் நிற்கும், அதன்பின் ஓட்டும் ஒவ்வொரு ஆப்ட் கட்டளையும் அதே இடத்தில் முட்டிக்கொள்ளும். புதுப்பிக்கும் முன் 'டிஎஃப் -ஹெச் /பூட்' பார்ப்பதும், அவ்வப்போது 'ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்' ஓட்டுவதும் பத்து விநாடி வேலை. கையால் நீக்க வேண்டிய கட்டாயம் வந்தால் 'யுநேம் -ஆர்' காட்டும் கெர்னலைத் தொடாதீர்கள். இப்போது ஓடுவது அதுதான்.

அப்கிரேட் ஓடும்போது திரை திடீரென்று நின்று, ஒரு அமைப்புக் கோப்பைக் காட்டி, உங்களுடையதை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று கேட்கும். 'ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது கட்டுரை. இந்தக் கேள்வி எப்போதும் வருவதில்லை. நீங்கள் கோப்பை மாற்றியிருக்க வேண்டும், பேக்கேஜ் பராமரிப்பவரும் புதுப்பதிப்பில் மாற்றியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் டிபிகேஜி உங்களைக் கூப்பிடும். அதனால் யோசிக்காமல் எதைத் தட்டினாலும் ஒருவருடைய மாற்றம் போய்விடும். 'டி' தட்டினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். பார்த்தபின் 'என்' கொடுத்தால் உங்களுடையது அப்படியே இருக்கும், புதியது '.டிபிகேஜி-டிஸ்ட்' என்ற வாலோடு பக்கத்தில் உட்காரும். 'ஒய்' கொடுத்தால் பழையது '.டிபிகேஜி-ஓல்ட்' ஆகும். வெறும் என்டர் தட்டினால் 'என்' என்றே எடுத்துக்கொள்ளும். ஃபெடோரா வகை லினக்ஸ்களில் கேள்வியே இல்லை, '.ஆர்பிஎம்நியூ' அல்லது '.ஆர்பிஎம்சேவ்' என்று சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போகும். ஆர்ச் லினக்ஸில் '.பேக்நியூ'. இந்த வால்களை '/ஈடிசி' அடைவில் தேடிப் பார்த்து, புதுப்பதிப்பு கேட்கும் மாற்றங்களை உங்கள் கோப்பில் சேர்ப்பதும் புதுப்பிப்பின் ஒரு பகுதிதான். அதைச் செய்யாவிட்டாலும் சேவை இன்று ஓடும். ஆறு மாதம் கழித்து அந்தப் பழைய வரியை எடுத்துவிட்ட பதிப்பு வரும்போது நின்றுவிடும்.

முக்கியமான இடத்துக்கு வருகிறேன். யூனிக்ஸ் வழியில், திறந்திருக்கும் கோப்பின் பெயரை அடைவிலிருந்து எடுத்துவிட்டாலும், அதைப் பயன்படுத்தும் கடைசி நிரல் விடும்வரை உள்ளடக்கம் வட்டில் இருந்துகொண்டே இருக்கும். ஓடும் நிரலுக்கு இடையூறு இல்லாமல் அதன் லைப்ரரியை (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல்தொகுப்பை) மாற்ற முடிவது இதனால்தான். இதன் மறுபக்கத்தைத்தான் பலரும் மறக்கிறார்கள். வட்டில் புதிய லைப்ரரி இருக்கிறது. காலையிலிருந்து ஓடும் வெப் சர்வர் நினைவகத்தில் பாதுகாப்பு ஓட்டையுள்ள பழையதையே பிடித்துக்கொண்டிருக்கிறது. ஓடும் நிரல்களின் விவரம் இருக்கும் '/ப்ராக்' அடைவில் அந்த நிரலின் 'மேப்ஸ்' கோப்பைத் திறந்தால் லைப்ரரியின் பெயருக்கு எதிரே 'டிலீட்டட்' என்று இருக்கும்.

2014 ஏப்ரலில், இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ஹார்ட்ப்ளீட் ஓட்டை வெளியானபோது இதுதான் பாடாய்ப் படுத்தியது. பேக்கேஜைப் புதுப்பித்தாலும், அதைப் பயன்படுத்தும் சேவைகளை மறுதொடக்கம் செய்யும்வரை ஓட்டை அடையவில்லை. டெபியனில் 'நீட்ரீஸ்டார்ட்' கருவி எந்தச் சேவைகள் பழையதைப் பிடித்திருக்கின்றன என்று சொல்லும். கெர்னல் போன்றவை மாறி முழுக் கணினியையும் மறுதொடக்கம் செய்ய வேண்டியிருந்தால் உபுண்டு '/வார்/ரன்/ரீபூட்-ரிக்வயர்ட்' என்ற கோப்பை வைக்கும். ஃபெடோராவில் 'டிஎன்எஃப் நீட்ஸ்-ரீஸ்டார்ட்டிங் -ஆர்'. தானியங்கிப் புதுப்பிப்பு ஓடுகிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களும் கவனிக்க வேண்டும்: அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் தன் ஆரம்ப அமைப்பில் கணினியைத் தானாக மறுதொடக்கம் செய்யாது.

அதே ஹார்ட்ப்ளீட் இன்னொரு குழப்பத்தையும் கிளப்பியது. 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை ஓட்டை, 1.0.1ஜி பதிப்பில் திருத்தம் என்பது அறிவிப்பு. டெபியன் 7 வைத்திருந்தவர்கள் புதுப்பித்துவிட்டுப் பார்த்தால் '1.0.1இ' என்றே நின்றது. புதுப்பதிப்புக்குத் தாவாமல், திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் தைப்பது டெபியனின் வழக்கம். கவனிக்க வேண்டியது வால் பகுதியை: '-2+டெப்7யு5'. பதிப்பு எண்ணின் தலையைப் பார்த்து 'எங்கள் லினக்ஸ் பழசாகவே இருக்கிறது' என்று களஞ்சியத்துக்கு வெளியிலிருந்து எதையாவது இறக்கி நிறுவுபவர்கள், வராத வியாதிக்கு மருந்து சாப்பிடுகிறார்கள்.

'எப்போதும் ஆகப் புதியதையே வைத்திருங்கள்' என்ற அறிவுரைக்கும் எல்லை உண்டு. 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்இஸட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்வாசல் வைத்திருந்ததை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் வெளியிட்டார். எஸ்எஸ்ஹெச் நுழைவு சுமார் அரை விநாடி தாமதமானதைத் துருவிப்போய்க் கண்டுபிடித்தது அது. டெபியனின் சோதனைக் கிளைகளில் அந்தப் பதிப்பு ஏறியிருந்தது, நிலைத்த பதிப்பில் ஏறவில்லை. சோதனைக் கிளையைப் பழையதற்குத் திருப்பியபோது பேக்கேஜின் எண் '5.6.1+ரியலி5.4.5-1' ஆனது. வேடிக்கையாகத் தெரியும். ஆனால் எண் ஏறினால்தான் ஆப்ட் அதைப் புதுப்பிப்பாக ஏற்கும், தானாகப் பின்னோக்கிப் போகாது.

மற்ற அமைப்புகளுக்கு இந்தப் பழக்கங்களை அப்படியே கொண்டுபோக முடியாது. ஆர்ச் லினக்ஸில் 'பேக்மேன் -எஸ்ஒய்யு' (இங்கே 'எஸ்' மட்டும் பெரிய எழுத்து) ஒரே மூச்சில் ஓட வேண்டும். '-எஸ்ஒய்' போட்டுப் பட்டியலை மட்டும் புதுப்பித்துவிட்டு ஒரே ஒரு பேக்கேஜை நிறுவினால், அது கேட்கும் லைப்ரரி ஒரு பதிப்பிலும் மற்றவை வேறு பதிப்பிலுமாக அறுந்து நிற்கும். லினக்ஸ் அல்லாத யூனிக்ஸ் வகை இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியில் அடிப்படை அமைப்புக்கு 'ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் ஃபெட்ச்', பிறகு 'இன்ஸ்டால்' என்று வெகுகாலமாகத் தனி வழி. மற்ற மென்பொருள்களுக்கு 'பிகேஜி அப்கிரேட்'. அதே வகையைச் சேர்ந்த ஓபன்பிஎஸ்டியில் 'சிஸ்பேட்ச்', 'பிகேஜி_ஆட் -யு'. லினக்ஸில் ஃப்ளாட்பேக் என்ற தனி நிறுவல் முறையில் நிறுவியவற்றை ஆப்ட் கண்டுகொள்ளாது. 'ஃப்ளாட்பேக் அப்டேட்' தனியாக ஓட்ட வேண்டும்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது பிழையே இல்லாத செய்திதான். ஆதரவுக் காலம் முடிந்த பதிப்பில் 'எல்லா பேக்கேஜ்களும் புதியவையே' என்று அழகாக வரும். களஞ்சியத்தில் புதிதாக எதுவும் வருவதில்லை என்பதுதான் அதன் பொருள். கொஞ்ச நாளில் களஞ்சியமே காப்பகத்துக்குப் போய்விடும், அப்போது 404 பிழைகள் வரிசை கட்டும். அதைப் பார்த்து முகவரியைக் காப்பகத்துக்கு மாற்றினால் பிழை மறையும், பாதுகாப்புத் திருத்தம் வராது. அடுத்த பதிப்புக்கு ஏறுவது ஒன்றே வழி. அதற்கு முன் ஸ்னாப்ஷாட்டோ காப்புப் பிரதியோ எடுத்துவிடுங்கள். ஒரு முழுப் பதிப்பு ஏற்றத்தையே நம்பகமாகத் திருப்பிவிடும் கட்டளை ஆப்ட்டில் இல்லை.

பக்க நெருக்கடியில் இவ்வளவையும் போட முடியாவிட்டாலும், பூட்டுக் கோப்பை அழிக்கச் சொன்ன வரிக்காவது வரும் இதழில் திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புப் பணியில் உள்ள ஒரு வாசகர்